வீட்டுக்கும் உண்டாம் கிரவுண்ட் கிளியரன்ஸ்

என் அருமை அம்மிணிக்கு,

போன்ல கூப்பிட்டா மூணாவது நிமிஷத்துல "குக்கர் விசில் வருது, அப்புறம் பேசறேன்"னு வெச்சிடுவே. வாட்ஸ்அப்ல எழுதினா ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிடுவே. அதனாலதான் நம்ம ஹாஸ்டல் காலத்துப் பழக்கத்துக்கே திரும்பி, தாளும் பேனாவுமா உட்கார்ந்துட்டேன். உண்மையைச் சொல்லணும்னா என் போன் இப்ப என் கையில இல்லை. அதுல ரசமட்டம் பார்க்கிற ஆப் ஏதோ இருக்காம். உங்கண்ணன் வெடியால எடுத்துட்டுப் போனார்னா, பொழுதோட சிமெண்டை அப்பிக்கிட்டுத்தான் அது வீடு வந்து சேரும். அதுக்குள்ள அஞ்சாறு பேர் கூப்பிட்டிருப்பாங்க, ஒண்ணையும் எடுத்திருக்க மாட்டார்.

நாங்க இப்ப இருக்கிறது உடுமலையிலிருந்து தாராபுரம் போற பக்கம் ஒரு சின்ன ஊர். வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும்னு ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடிச்சுக் கொண்டாந்து வெச்சிருக்கார். வீடு நல்ல வீடுதான், ஆனா சிறுவாணித் தண்ணி குடிச்சு வளர்ந்த நாக்கு இருக்கே, அது இங்கத்த போர் தண்ணியை வாயில வெச்சா அழுவுதடி. பருப்பு வேகமாட்டேங்குது, தலைமுடி தேங்காய் நார் மாதிரி நிக்குது. காத்தைப் பத்திச் சொல்லவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நேரா என் அடுப்படிக்குத்தான் விலாசம் விசாரிச்சுட்டு வருது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க? போன வாரம் காயப்போட்ட உங்கண்ணன் வேட்டி மூணு தோட்டம் தள்ளி ஒரு காத்தாடி மரத்துக்கு அடியில (காத்தாலை விசிறியைத்தான் சொல்றேன்) கிடந்துச்சு. எடுத்துக் கொடுத்த பையன் பத்து ரூபாய் வாங்கிட்டுத்தான் போனான்.

இருக்கட்டும், நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். "காரு காருன்னு திரிஞ்ச மனுஷனுக்கு எப்படிடி வீடு கட்டற பைத்தியம் புடிச்சுது?"ன்னு போன தடவை கேட்டே. எனக்கே அதுக்கு முழுசா பதில் தெரியாது, எழுத எழுதப் பிடிபடுதான்னு பார்க்கலாம்.

அவர் எப்படி இருந்தவர்னு உனக்குத் தெரியாததில்லை. காலேஜ் படிக்கையில வீட்டுல பொய் சொல்லிட்டு ராத்திரி ரயிலேறி மெட்ராஸ் போய், சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில நடக்கிற ரேஸை வெயில்ல நின்னு பார்த்துட்டு, முதுகுத்தோல் உரிஞ்சு திரும்பி வந்த ஆளு. கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வெச்சு ஒத்தை சீட்டு ரேஸ் கார் செஞ்சப்போ, நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இங்கயே இதைச் செய்யறார்ங்கிற பெருமையில இவர் தன் லேத்துப் பட்டறைக்கு ரெண்டு நாள் லீவு விட்டார்னு மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. 1995-ல அந்த மனுஷன் சின்ன விமானம் விழுந்து போய்ச் சேர்ந்தப்போ வீட்டுல எழவு மாதிரி உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி நாலு வருஷந்தான் எனக்கு, யாரோ ஒன்றுவிட்ட பெரியப்பானு நெனைச்சு, தலைக்குத் தண்ணி வார்க்கணுமானு கேட்டேன். 2005-ல நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன்ல ஓட்டினப்போ தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தோமே, உன் பங்குல நெய் கம்மின்னு நீ சொன்னது இன்னும் ஞாபகமிருக்கு.

அப்புறம் வீட்டுல நின்ன வண்டிங்க. என் பொண்ணழைப்புக்கு வந்த 86-ஆம் வருஷத்துப் பத்மினி, ஸ்டியரிங் பக்கத்துலயே கியர், வெடியால சோக்கை இழுத்தா இருமிக்கிட்டே எழுந்திருக்குமே, அது. கான்டெஸா கிளாசிக் ஒண்ணு, அதுல உட்கார்ந்தா மந்திரி மாதிரி இருக்கும், பெட்ரோல் போடறப்போ பிச்சைக்காரன் மாதிரி இருக்கும். மூணாவதா அந்த ஹெரால்டு. மெட்ராஸ் வண்டலூர்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டாம். பல்லடத்துல ஒரு கோழிப் பண்ணையில கிடந்ததைக் கொண்டாந்தார். பின்சீட்டுல நாலு முட்டை இருந்துச்சு, அதையும் எண்ணி எங்கிட்டக் கொடுத்தார். ஹெரால்டோட மூக்கு மொத்தமும் முன்பக்கமாத் திறந்துக்கும், முதலை வாய் மாதிரி. உடம்பு தனி, அடிச்சட்டம் தனி. அதைப் பிரிச்சு உடம்பை ஒரு பக்கம், சட்டத்தை ஒரு பக்கம் வெச்சிருந்தார் பதினோரு வருஷம். என் துணி காயப்போடற இடத்துல.

அப்புறம் எல்லாம் போச்சு. விபத்து இல்லை, கடன் இல்லை, சண்டை இல்லை. முட்டிதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் பத்மினிக்கு அடியில படுத்து ஏதோ பார்த்துட்டு இருந்தவர், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். முப்பது வருஷத்துல அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அஞ்சாறு தடவைகூட இருக்காது. ஓடிப் போய்ப் பார்த்தா, எழுந்திருக்க முடியலை. நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சு இழுத்தோம். அன்னிக்கு ராத்திரி ரசம் சோறு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எழுந்துட்டார். அடுத்த ஒரு மாசத்துக்குள்ள மூணு வண்டியும் கைமாறிடுச்சு. ஹெரால்டை லாரியில ஏத்தினாங்க. கான்டெஸாவை வாங்கினவர் சேலம். பத்மினி உங்க சாயிபாபா காலனிக்குத்தான் வந்துச்சு, உனக்குத்தான் தெரியுமே, உன் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு கம்ப்யூட்டர் பையன். சாவியைக் கொடுக்கறப்போ உங்கண்ணன் அந்தப் பையன்கிட்ட சோக்கு எவ்வளவு இழுக்கணும்னு மூணு தடவை சொன்னார். அவன் மூணு தடவையும் "ஓகே அங்கிள்"னான்.

அதுக்கப்புறம் ஆறு மாசம் வீட்டுல டிவி பார்த்துட்டு இருந்தார். அதைவிட அவர் வண்டிக்கு அடியிலயே படுத்திருக்கலாம்னு தோணுச்சு எனக்கு. ஆம்பளைங்க வேலையில்லாம வீட்டுல இருந்தா குழம்புல உப்புப் பார்க்க வந்துடறாங்களே. ஒரு நாள் மளிகை டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டி, அளவுபடி வரிசையா அடுக்கி வெச்சிருந்தார். கடுகு எங்கனு கேட்டு ஒரு மணி நேரம் சண்டை. இந்த நிலைமையிலதான் ஒரு நாள் ஒரு சுருள் கட்டம் போட்ட தாளோட வந்து, "அப்பா விட்டுட்டுப் போன உடுமலை நிலத்துல வீடு கட்டலாம்னு இருக்கேன்"னார். சரி, ஆளு வெச்சுக் கட்டி விட்டுடுவார்னு நெனைச்சேன். "நானே கட்டறேன்"னார். கணக்குப் போட்டு கம்பி எவ்வளவுன்னு சொல்ல மட்டும் ஒரு இன்ஜினியர் பொண்ணு, ஒரு மேஸ்திரி, கூலியாளுங்க. மிச்சமெல்லாம் இவர். பெரியவ கேட்டுட்டு, "ஒரு கான்ட்ராக்டர்கிட்ட விட்டுடுங்கப்பா"னு கெஞ்சினா. "ஹெரால்டை கான்ட்ராக்டர்கிட்டயா விட்டேன்?"னு கேட்டார். ஹெரால்டு கடைசி வரைக்கும் ஓடலைங்கிறதை அவளும் சொல்லலை, நானும் சொல்லலை.

அம்மிணி, எங்க நிலம் கரிசல்டி. பருத்திக்கு நல்லது, வீட்டுக்கு எமன். மழை பெஞ்சா புளிச்ச மாவு மாதிரி உப்பும், சித்திரை வெயில்ல வாயைப் பிளக்கும். என் செருப்போட நுனி போய் மாட்டிக்கிற வெடிப்பு. பக்கத்துத் தோட்டத்து வீட்டுல ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாய்வா ஒரு விரிசல், ஒவ்வொரு பொங்கலுக்கும் பட்டி பார்த்து வெள்ளையடிப்பாங்களாம், ஆடிக்குள்ள மறுபடி தலையைக் காட்டிடுமாம். "எங்க வீட்டுக்கு அது ஒரு நோம்பிங்க"னு அந்தக்கா சொன்னாங்க. இதைக் கேட்டுட்டு உங்கண்ணன் மூணு வாரம் படிச்சார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படிச்ச மாதிரி. ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க கரிசல் மண்ணுக்குன்னே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்களாம். அகலமா வாணம் தோண்டாம, ஒரு அடி அகலத்துல பன்னெண்டு அடி ஆழத்துக்குக் குழாய் மாதிரி குழி, அடியில மட்டும் அதைப்போல ரெண்டரை மடங்குக்கு அகலமா குமிழ். காங்கிரீட் போட்டா மண்ணுக்குள்ள ஒரு கால் முளைச்சு, பாதம் விரிச்சு நிக்கும். மேல்மண் உப்பினாலும் சுருங்கினாலும் அது அசையாது, ஆழத்துல மண் ஈரம் மாறாதில்ல. எனக்கு விளங்கணும்னு சமையலறைக்கு வந்து, சாதக்கரண்டியை அரிசி டப்பாவுல தலைகீழா சொருகிட்டு, "இழு பார்க்கலாம்"னார். இழுத்தேன். வரலை. அரிசிதான் சிந்துச்சு. அதை யார் பொறுக்கினா?

ஊர்க்காரங்க, மோட்டார் கம்பெனிக்காரருக்குத் தண்ணி கிடைக்காம இருபத்தி நாலு கிணறு வெட்டறார்னு பேசிக்கிட்டாங்க. ஒரு பெரியவர் தேங்காயோட வந்து உள்ளங்கையில வெச்சு நீரோட்டம் பார்த்துச் சொல்லட்டுமானுகூடக் கேட்டார். அந்தக் குழாய்க் காலுங்க தலையை எல்லாம் சேர்த்து மேலே ஒரு பெல்ட் போட்டாங்க. அந்த பெல்ட் மண்ணைத் தொடவே தொடாது. அடியில மூணு இஞ்ச் வெத்திடம். மண் உப்பி எழுந்தா மேல வந்து முட்டக்கூடாதாம். கம்பி கட்டறவர் புரியாம முழிச்சார். "ஏன்னா, கிரவுண்ட் கிளியரன்ஸ் வேணும்ல"னார் உங்கண்ணன். அன்னிக்குத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இது வீடே இல்லைடி. அடிச்சட்டம் தனி, உடம்பு தனி. அவர் ஹெரால்டைத்தான் மறுபடி கட்டறார், இந்தத் தடவை நான் உள்ளே உட்கார்ற மாதிரி.

அப்புறம் சுவர். லாரி பேக்கர்னு ஒரு வெள்ளைக்காரர், திருவனந்தபுரத்துலயே தங்கி, செலவைக் குறைச்சு வீடு கட்டறது எப்படினு காலம் பூரா சொல்லிக் கொடுத்தவர். 2007-ல இறந்துபோனார். அவர் கேரளாவுல பரப்பின கட்டு ஒண்ணு: செங்கல்லைப் படுக்க வைக்காம விளிம்புல நிக்க வெச்சு, நடுவுல பொந்து விட்டுக் கட்டறது. கல்லு கால்வாசி மிச்சம், பொந்துல இருக்கிற காத்து வெயிலைத் தடுக்கும். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பேரு எலிப்பொறிக் கட்டு! மேஸ்திரி கரண்டியைக் கீழே வெச்சுட்டார். "ஏனுங்க, நாப்பது வருசமா கட்டறேன், பொறி வெச்ச சொவர் நான் கட்டினதில்லீங்க. எலி உள்ளே போயி குட்டி போட்டா யாருங்க புடிக்கிறது?" ரெண்டு நாள் வேலை நின்னுச்சு. ஆளாளுக்கு ஒரு மரத்தடி. நடுவுல நான் டீயைத் தூக்கிக்கிட்டுத் தூது போறேன். கடைசியில மூணடிக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டி, பக்கத்துலயே பழையபடி ஒண்ணு கட்டி, மேற்கு வெயில்ல விட்டுட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டு ரெண்டுக்கும் நிழல் பக்கத்துல உள்ளங்கையை வைக்கச் சொன்னார். மேஸ்திரி வெச்சார், எடுத்தார், மறுபடி வெச்சார். ஒண்ணும் சொல்லலை. மறுநாள் வெடியால நூல் கட்ட ஆரம்பிச்சுட்டார்.

இந்தக் கட்டுக்குக் கல்லு எல்லாம் ஒரே அளவா இருக்கணும். உங்கண்ணன் என்ன செஞ்சார் தெரியுமா? பிஸ்டன் அளக்கிற வெர்னியரை எடுத்துட்டுப் போய், வந்து இறங்கின சேம்பர் கல்லை ஒண்ணொண்ணா அளந்து, மூணுல ஒண்ணைத் தள்ளி வெச்சுட்டார். சூளைக்காரர் பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு வந்து நின்னு பார்த்தார். "ஏனுங்கண்ணா, இது செங்கல்லுங்க, இன்ஜின் சாமான் இல்லீங்க." சிரிச்சா தப்பாயிடும்னு நான் உள்ளே போயிட்டேன். தள்ளின கல்லு வீண் போகலை, பாத்ரூம் சுவருக்கும் என் துளசி மாடத்துக்கும் ஆச்சு. துளசி மாடம் கொஞ்சம் கோணல்தான். சாமி மன்னிச்சுக்கும்.

வாஸ்து பத்தி ஒரு பக்கம் எழுதலாம், ஆனா அதுல பெரிய மாமனார் பேர் வரும், லெட்டர் யார் கையிலயாவது சிக்கினா வம்பு. அக்னி மூலையில அடுப்படி கிடைச்சுடுச்சு, அவர் வாயை மூடிட்டார், அவ்வளவுதான்.

இப்ப தளம் போட்ட கதை. இதைச் சொல்றதுக்குத்தான் அம்மிணி இந்த லெட்டரே.

தளத்துலயும் சாதாரண தளம் கிடையாது. காங்கிரீட்டோட அடிப்பாகத்துல பாதிக்கு வேலையே இல்லையாம், அங்கே கம்பிதான் இழுத்துப் பிடிக்குதாம். அப்ப அந்த இடத்துல எதுக்கு சிமெண்டைக் கொட்டணும்னு, கம்பிக் கட்டத்துக்கு நடுவுல பழைய மங்களூர் ஓட்டை ரெண்டு ரெண்டா, முகத்தோட முகம் வெச்சு அடுக்கறது. ஓட்டை முன்னாடியே ஊறவைக்கலேனா காங்கிரீட்ல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும். ஊறவைக்கிற வேலை எனக்கு. அறுநூறு ஓடு! தொட்டியில போட்டு எடுத்து, போட்டு எடுத்து, என் விரல் நுனியெல்லாம் மாவு கழுவின மாதிரி வெளுத்துப் போச்சு. முதல் நாள் சாயங்காலம் ஏணியில ஏறிப் பார்த்தேன். கட்டம் கட்டமா கம்பி, ஒவ்வொரு கட்டத்துலயும் சிவப்பு ஓடு, பார்க்கிறதுக்குப் பெரிய பணியாரக்கல் மாதிரி. அழகுன்னா அழகு. இறங்கவே மனசு வரலை. உங்கண்ணன் கீழே நின்னுக்கிட்டு, "ஓட்டை மிதிக்காதே"னார். வேற ஒண்ணும் சொல்லத் தெரியாதே.

ஆனி மாசம். ஆடியில வேண்டாம்னு மேஸ்திரி கண்டிப்பா சொல்லிட்டார். காத்து வேகமெடுத்தா போட்ட காங்கிரீட் மேலாக்கக் காஞ்சு வெடிச்சுடும்னு இவருக்கும் பயம், அதனால ஒரு தடவையாவது ரெண்டு பேரும் ஒத்துப்போனாங்க. வெடியால ஆறு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பிச்சுது. இருபத்தெட்டு ஆளு. ஜல்லி ஒரு பக்கம், எம் சாண்ட் ஒரு பக்கம், மூட்டை பிரிக்கிறவங்க ஒரு பக்கம், மேலே வைப்ரேட்டர் உறுமுது. உங்கண்ணன் மிஷின் பக்கத்துல ஒரு பக்கெட்டும் மக்குமா நின்னுட்டார். தண்ணி அதிகமா ஊத்திட்டா கலவை இளகி, தள்ளறதுக்குச் சுலபமா இருக்கும், பலம் கெட்டுப்போகும். ஆளுங்க கண் மறைஞ்சா ஒரு மக் சேர்த்து ஊத்தத்தான் பார்ப்பாங்க. "கார்புரேட்டருக்குப் பெட்ரோலும் காத்தும் அளவாப் போகலேனா வண்டி திணறும்ல, அது மாதிரி"னு ஒரு சித்தாள் அம்மாகிட்ட விளக்கறார். அந்தம்மா, "எனக்கு எங்கூட்டுக்காரரு சைக்கிள்தான் தெரியுமுங்க"னுட்டு சட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

பதினோரு மணி இருக்கும். பாதித் தளம் முடிஞ்சிருக்கு. மிஷின் ரெண்டு தடவை செருமிட்டு நின்னுடுச்சு.

சத்தம் நின்னதும் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். அரைகுறையா நின்னா போட்டதோட ஓரம் இறுகிடும், அப்புறம் போடறது அதோட ஒட்டாது, அந்தக் கோட்டுல காலத்துக்கும் தண்ணி கசியும். இது எனக்கே தெரியும்படி மூணு மாசமா சொல்லிக் கொடுத்திருக்கார். மிஷின்காரப் பையன் ஹேண்டிலைச் சுத்தறான், சுத்தறான், முகமெல்லாம் வேர்வை. வேற மிஷின் வரணும்னா தாராபுரத்திலிருந்து வரணும். மேஸ்திரி தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

உங்கண்ணன் மக்கைக் கீழே வெச்சார். போய் அந்த டீசல் இன்ஜின் பக்கத்துல குனிஞ்சு, காது வெச்சுக் கேட்டார். ஓடாத இன்ஜினை என்னத்தைக் கேட்கிறது? அப்புறம் மண்டி போட்டார். நல்லாக் கேளு, மண்டி போட்டார், அந்த முட்டியோட, ஜல்லி மேல. "பத்து பன்னெண்டு ஸ்பேனர்"னு கையை நீட்டினார், யார்கிட்டனு பார்க்கவேயில்லை. முப்பது வருஷமா அந்தக் கை நீளற திசை எனக்குத் தெரியும், நான்தான் கொடுத்தேன். டேங்க்ல டீசல் குறைஞ்சு குழாய்க்குள்ள காத்து புகுந்திருக்கு. டீசலை நிரப்பி, ஒரு திருகைத் தளர்த்தி, பம்ப்பைக் கட்டைவிரலால அமுக்கி அமுக்கி விட்டார். முதல்ல நுரை வந்துச்சு, சோடா மாதிரி குமிழ் குமிழா. அப்புறம் குமிழ் குறைஞ்சு, ஒண்ணு ரெண்டா வந்து, கடைசியில சுத்தமா ஒரே ஒழுக்கா டீசல் விரல் வழியா வழிஞ்சுது. திருகை முடுக்கிட்டு, "சுத்துடா"னார். ரெண்டாவது சுத்துல எடுத்துக்கிச்சு.

கால் மணி நேரம்கூட ஆகலை. எழுந்திருச்சு வேட்டியில கையைத் துடைச்சார். வெள்ளை வேட்டி. ஒரு வார்த்தை திட்ட வாய் வரலையடி எனக்கு. ரெண்டு வருஷமா காணாமப் போயிருந்த அந்த மூஞ்சி திரும்ப வந்திருந்துச்சு. டீசல் நாத்தத்தோட பக்கத்துல வந்து நின்னு, "சாப்பாடு ரெடியா?"னு கேட்டார். அரிசிம்பருப்பு போட்டிருந்தேன், நெய்யும் சுட்ட அப்பளமும். சாயங்காலம் தளம் முடிஞ்சதும் வழக்கப்படி கறிச்சோறு. அந்தச் சித்தாள் அம்மா இலையில உட்கார்ந்து, "உங்கூட்டுக்காரரு சைக்கிளும் பாப்பாருங்களா?"னு எங்கிட்டக் கேட்டாங்க. மறு ஞாயித்துக்கிழமை நாலு சைக்கிள், ஒரு மொபெட், ஒரு மருந்தடிக்கிற பம்பு வாசல்ல நிக்குது.

ராத்திரி முட்டி வீங்கிடுச்சு, சொல்ல மறந்துட்டேன். விளக்கெண்ணெய் போட்டு உருவி விட்டேன். அப்படியும் வெடியால நாலு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கிட்டுத் தளத்துல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தப் போயிட்டார். பத்து நாள் போதும்னு இன்ஜினியர் பொண்ணு சொன்னாலும் பதினாலு நாள் நிறுத்தினார். முட்டு எல்லாம் பிரிச்சது இருபத்தோராம் நாள். பிரிச்சதும் அடியில நின்னு நிமிர்ந்து பார்த்தா, வரிசை வரிசையா சிவப்பு ஓடு, நடுவுல சாம்பல் கோடு. பூசவே வேண்டாம், இப்படியே விடுங்கனு சொல்லிட்டேன்.

எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லைனு நெனைச்சுடாதே. அடுப்படிக்கு நடுவுல தண்ணி போகறதுக்குனு நீளமா ஒரு பள்ளம் வரைஞ்சிருந்தார், சர்வீஸ் ஸ்டேஷன்ல வண்டிக்கு அடியில இருக்குமே, அதே மாதிரி. "நான் என்ன லாரியா?"னு கேட்டேன். நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை. பள்ளம் போச்சு. ஆனா மேடை உயரத்துக்கு அவர் செஞ்சதை நீ கேட்கணும். கடையில விக்கிற அளவெல்லாம் எவளோ ஒருத்திக்குச் செஞ்சதாம். செங்கல்லை அடுக்கி, மேலே பலகை போட்டு, சப்பாத்தி தேய்க்கச் சொல்லி, பக்கத்துல நின்னு என் முழங்கையைப் பார்த்துக்கிட்டே ஒரு கல்லு எடுத்தார், ஒரு கல்லு வெச்சார், கடைசியில கால் இஞ்ச் தகடு ஒண்ணைச் சொருகினார். முப்பத்திரெண்டே கால் இஞ்ச்ல முதுகு வலிக்கலை. எங்கம்மாவுக்கு யாரும் இப்படி அளந்து பார்த்ததில்லை, எனக்கும் இத்தனை வருஷம் பார்த்ததில்லை.

ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வரைபடத்துல கார் ஷெட் இல்லை. ஹால் இருக்கு, ரெண்டு படுக்கையறை, திண்ணை, மாட்டுக்குக்கூட ஒரு கொட்டாய் இருக்கு, மாடே இல்லை. "ஏனுங்க, வண்டி நிறுத்த இடம்?"னு கேட்டேன். "என்ன வண்டி நிக்கப் போகுது?"னு தாளைச் சுருட்டிட்டார். நானும் விட்டுட்டேன்.

முந்தாநாள் கம்பிக்கடை பில்லைத் தேடறப்போ அந்த வரைபடம் கையில சிக்குச்சு. குழாய்க் காலு எத்தனைனு சும்மா எண்ணினேன். இருபத்திரெண்டு. ஊர்க்காரங்க எண்ணினது இருபத்தி நாலாச்சே. சாயங்காலம் ஒருத்தரும் இல்லாதப்போ டேப்பை எடுத்துக்கிட்டுப் போனேன். மேற்குப் பக்கம், சுவரை விட்டு ஒம்பது அடி தள்ளி, புல்லுக்குள்ள ரெண்டு காங்கிரீட் தலை. மேலே ஒண்ணும் கட்டலை; கம்பி நுனிக்கு மட்டும் துரு ஏறாம இருக்க சிமெண்ட் பால் தடவி வெச்சிருக்கார். ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல பதினாலு அடி. நம்ம பத்மினி பதிமூணு அடிக்குக் கொஞ்சம் கம்மி.

அவர்கிட்ட நான் ஒண்ணும் கேட்கலை. நீயும் போன்ல உளறிடாதே, கண்ணு. ஆனா சாயங்காலம் கோயிலுக்குப் போறப்போ அந்த ரெண்டாவது தெரு வழியா ஒரு தடவை நடந்து போயிட்டு வா. வண்டி நிழல்ல நிக்குதா, தார்ப்பாய் போட்டிருக்கானா, இல்லே வெயில்ல காயுதா, டயர்ல காத்து இருக்கா, அந்தப் பையன் அதை எடுத்து ஓட்டறானா, இதை மட்டும் பார்த்து எனக்கு எழுது. லெட்டராவே எழுது, போன்ல வேண்டாம். போன் அவர்கிட்ட இருக்கு.

பசங்களுக்கு என் ஆசி. புரட்டாசிக்குள்ள வந்தா பூச்சு வேலை நடக்கும், ஒரு கேன் சிறுவாணித் தண்ணி எடுத்துட்டு வா.

உன்,
கோணல் துளசி மாடத்துக்காரி